பழைய பில்களை ஸ்கேன் செய்துவிட்டு ரத்திக்குப் போடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சாக்கிநாக்காவில் இயந்திர உதிரிபாகங்களை இறக்குமதி செய்து விற்கும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. நீங்கள் அங்கே சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. முன்னால் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்காமலே நின்றுவிட்டார். லாஃப்ட்டில் பதினேழு சாக்கு மூட்டைகள், கம்ப்யூட்டரில் ஒன்றுக்குள் ஒன்றாக ‘புதிய ஃபோல்டர்’கள். மழை தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, காகிதத்தை ரத்திக்காரரிடம், அதாவது பழைய பேப்பர் வாங்குபவரிடம், போட்டுவிடச் சொல்கிறார் உங்கள் முதலாளி சேட். “ஃபைலிங் கற்றுக்கொள்ள எந்த கோர்ஸ் சேரலாம்?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “தப்பான காகிதத்தைப் போட்டுவிட்டால் என் தலையில்தானே விழும்?” அதைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எத்தனை வருடம், யாராவது கேட்டால் எப்படி உடனே எடுப்பது. கோர்ஸ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 1996ல் ஃபோர்ட்டில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அப்புறம் கலீனாவில் ஒரு டிரேடிங் கம்பெனி, இப்போது அந்தேரியில். எல்லா இடத்திலும் கடைசியில் ரெக்கார்டு அலமாரிச் சாவி என் கைக்கே வந்து சேர்ந்தது. ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆகவே கீழே சட்டம் பற்றிச் சொல்லும்போது, அது எழுத்தில் உள்ள விதியா, நான் கடைப்பிடிக்கும் வழக்கமா என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் கம்பெனிக்கு வரி நோட்டீஸோ வழக்கோ ஏற்கெனவே வந்திருந்தால், என் பதிலை ஓரம் வைத்துவிட்டு முதலில் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

முதல் ஒரு வாரம் அந்த மூட்டைகளைத் தொடாதீர்கள். கை பரபரக்கும், எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, சமீபத்தில் வந்து சேர்ந்த ஒரே ஒரு கன்சைன்மென்ட்டை எடுத்துக்கொண்டு அது நடந்து வந்த வழியைப் பின்தொடருங்கள். கொட்டேஷனில் தொடங்கும். பர்ச்சேஸ் ஆர்டர் போகும். அந்தப் பக்கத்திலிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் வரும். நவசேவா துறைமுகத்தில் சரக்கு இறங்கியதும் சுங்கத்துக்கான இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகும், டியூட்டி கட்டிய சலான் வரும், கிளியரிங் ஏஜென்ட் தன் பில்லை அனுப்புவார், லாரிக்காரர் எல்.ஆர். என்ற சரக்கு ரசீதைக் கொடுப்பார், கோடவுனில் சரக்கு இறங்கியதற்கு ஒருவர் கையெழுத்துப் போடுவார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பிய பேங்க் அட்வைஸ் வரும். பணம் போனதற்கு ஈடாகச் சரக்கு வந்துவிட்டது என்று காட்ட அதே பேங்க் பில் ஆஃப் என்ட்ரியைக் கேட்கும். இதெல்லாம் டாலி கணக்கு மென்பொருளில் சில வவுச்சர்களாக (பதிவுகளாக) உட்காரும். ஒவ்வொரு காகிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இதை எழுதியது யார், எத்தனை காப்பி எடுத்தார்கள், ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது, இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்? கோடவுன் ஆளிடமும் கிளியரிங் ஏஜென்ட்டின் பையனிடமும் போய்ப் பேசுங்கள். இந்த ஒரு வாரத்தில் கற்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. காகிதத்தின் போக்கு தெரிந்துவிட்டால் அதன் இடம் எது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் காகிதத்தை வகைவாரியாகப் பிரித்து அடுக்குவார்கள். பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் ஒரு ஃபைல், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் இன்னொன்று, பேங்க் அட்வைஸ் எல்லாம் மூன்றாவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுங்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால் ஒரே சரக்கின் காகிதங்களை ஏழு ஃபைலில் தேட வேண்டும். இறக்குமதிக்கு, கிளியரிங் ஏஜென்ட்டுகள் செய்வதுபோல ஜாப் வாரியாக வைப்பதே சரி: ஒரு கன்சைன்மென்ட், ஒரு ஜாப் நம்பர், ஒரு உறை, எல்லாம் அதற்குள். உள்ளூர் விற்பனை பில்களோ நேர்மாறு. அவற்றை இன்வாய்ஸ் எண் வரிசையில் மாதவாரியாக வைத்தால் போதும், பார்ட்டிவாரியாகப் பிரிக்கவே வேண்டாம், டாலி அதைச் செய்து தரும். பேங்க் காகிதம் தேதி வரிசையில். வாடகை ஒப்பந்தம், ஏஜென்சி ஒப்பந்தம் போன்றவை பார்ட்டி பெயரில். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இந்தக் காகிதத்தை நாளை கேட்கப் போகிறவர் எந்த எண்ணைச் சொல்லிக் கேட்பார் என்று யோசியுங்கள், அந்த எண்ணின்படி அடுக்குங்கள். டாலி வவுச்சர் எண்ணை ஒவ்வொரு பில்லின் வலது மேல் மூலையிலும் பென்சிலில் எழுதிவிடுங்கள். ஆடிட்டர் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இனி ரிஜிஸ்டர். என் அப்பா தென்காசிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தார். தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் ந.க. எண் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது நடப்பில் இருக்கும் கோப்பு. விஷயம் முடிந்ததும் அதே கோப்பு ஓ.மு., மூ.மு., ப.மு. என்று மாறும்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. கோப்பை மூடுகிற அன்றே அதன் ஆயுளையும் நெற்றியில் எழுதிவிடுவார்கள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டறிந்த இந்த வழக்கத்தை மும்பையில் நான் வேலை பார்த்த எல்லாக் கம்பெனியிலும் கொண்டுவந்தேன். உங்கள் ரிஜிஸ்டரில் ஆறு கட்டம் இருந்தால் போதும்: வரிசை எண், உள்ளே என்ன இருக்கிறது, எந்த நிதியாண்டு, எந்த அலமாரி எந்தத் தட்டு, எந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கலாம், யார் எடுத்துப்போனார்கள். ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அது காலியாக இருந்ததால்தான் உங்கள் லாஃப்ட்டில் இன்று பதினேழு மூட்டை. யாராவது ஒரு ஃபைலை உருவினால் அந்த இடத்தில் ஒரு அட்டையைச் செருகி, பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். சேட்டாக இருந்தாலும் சரி.

அந்த ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதுவது? எழுத்தில் உள்ளதை முதலில் சொல்கிறேன். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128ன்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் நடப்பு ஆண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். 2025-26 நடந்துகொண்டிருக்கிறது என்றால் 2017-18 வரை கையில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 36, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. பலர் நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து ஆறு வருடம் எண்ணிவிடுகிறார்கள், அது தப்பு. 2023-24க்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதி 31 டிசம்பர் 2024. ஆகவே அந்த ஆண்டின் ஜி.எஸ்.டி. காகிதங்களின் ஆயுள் 31 டிசம்பர் 2030 வரை. அப்பீலோ விசாரணையோ நடந்தால் அது தீர்ந்து ஒரு வருடம் ஆகும்வரை, அல்லது அந்த 72 மாதம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை. வரிச் சலுகை ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து குறைந்த டியூட்டியில் சரக்கு எடுத்திருந்தால், அது அந்த நாட்டில்தான் உருவானது என்று காட்டும் விவரங்களை பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு வைக்க வேண்டும் என்று 2020ல் தனி விதிகள் வந்தன. உங்கள் கம்பெனி இறக்குமதி செய்வதால் இதைச் சேட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டு கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகமும் பங்குதாரர் ரிஜிஸ்டரும் நிரந்தரம், அவற்றுக்கு அழிக்கும் தேதியே கிடையாது.

வருமான வரியில் ஒன்று கவனியுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 1 ஏப்ரல் 2026 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகளில் உள்ள பிரிவு எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். நடைமுறையில், கம்பெனிக்கான எட்டு ஆண்டு விதியைப் பின்பற்றினாலே பெரும்பாலான காகிதங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

இனிமேல் சொல்வது என் வழக்கம், சட்டம் அல்ல. இயந்திரம், கார், ஆபீஸ் இடம் போன்ற சொத்து வாங்கிய பில்களை அந்தச் சொத்து கம்பெனியிடம் இருக்கும்வரையும், விற்ற பிறகு எட்டு ஆண்டும் வைக்கிறேன். 2009ல் வாங்கிய இயந்திரத்தை இன்று விற்றால் அதன் பழைய விலையை நிரூபிப்பது அந்த ஒரே காகிதம்தான். ஆட்களின் நியமனக் கடிதம், பி.எஃப். விவரம் இரண்டையும் நான் அழிப்பதே இல்லை. வேலையை விட்டுப் பதினைந்து வருடம் கழித்து, பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் பி.எஃப். பணம் எடுக்க முடியவில்லை என்று ஒரு பெரியவர் வந்து நின்றிருக்கிறார். அவருடைய பழைய ஃபார்ம் என் அலமாரியில் இருந்தது. கடன் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். ஆகவே பணம் வராத பார்ட்டியின் காகிதங்களை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைத்து, அந்த மூன்றாண்டு முடியும் தேதியை ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் எழுதி, இரண்டு மாதம் முன்பே சேட்டுக்கு நினைவுபடுத்துவேன்.

சரி, சேட்டின் கேள்விக்கு வருவோம். ஸ்கேன் செய்தால் காகிதத்தைப் போட்டுவிடலாமா? இதில் உறுதியானது என்ன என்றால், மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அதைச் சொல்கிறது. பிறகும் திறந்து பார்க்கக்கூடியதாக, உருவானபோது இருந்த வடிவம் மாறாமல், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரத்தோடு இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறது. ஜி.எஸ்.டி. விதிகளும் டிஜிட்டல் கையெழுத்தோடு மின்னணு வடிவில் ரெக்கார்டு வைக்க இடம் தருகின்றன. இதைப் பார்த்துத்தான் ஸ்கேனர் விற்பவர்கள் “எல்லாம் ஓகே, பேப்பர் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் வழக்கு என்று வந்தால், 1 ஜூலை 2024 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63ன்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதில் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. எதிர்த்தரப்பு “இது என் கையெழுத்தே இல்லை” என்று சொல்லிவிட்டால், மையின் அழுத்தத்தைப் பார்க்க நிபுணர் ஒரிஜினலைத்தான் கேட்பார். ஸ்கேன் காப்பியை ஓர் அதிகாரி அப்படியே ஏற்பார், இன்னொருவர் ஒரிஜினலைக் கொண்டுவா என்பார். இரண்டையும் நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரிலேயே பிறந்ததா, காகிதத்தில் பிறந்ததா? ஈ-இன்வாய்ஸ், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் எடுத்த சலான், பேங்க் அனுப்பிய பி.டி.எஃப். ஸ்டேட்மென்ட், ஈமெயில் — இவற்றின் ஒரிஜினல் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அச்செடுத்துப் போட்டது வெறும் நகல். மின்னணுப் பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு அந்த அச்சுத்தாளைக் கழித்துவிடலாம், பேனாவால் யாரும் அதில் எதுவும் எழுதியிருக்காத வரை. உங்கள் மூட்டைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அச்சுத்தாள்களாகவே இருக்கும் என்று நினைக்கிறேன், சின்ன ஆபீஸ்களில் நான் கண்டது அதுதான். அதைக் கழித்தாலே சேட் முகம் மலர்ந்துவிடும். ஆனால் கையெழுத்தோ முத்திரையோ விழுந்து காகிதத்தில் பிறந்தது, ஸ்கேன் செய்த பிறகும் தன் தேதிவரை அலமாரியில்தான் இருக்க வேண்டும். சொத்துப் பத்திரம், ஸ்டாம்ப் பேப்பரில் போட்ட ஒப்பந்தம், சரக்கு இன்னும் கைக்கு வராத நிலையில் ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றில் பேச்சுக்கே இடமில்லை. பில் ஆஃப் லேடிங் சரக்கின் உரிமையையே காட்டும் காகிதம், ரசீது மாதிரி நினைக்கக் கூடாது. சேட்டிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஸ்கேன் செய்வது சீக்கிரம் தேடி எடுக்கவும், வெள்ளமோ தீயோ வந்தால் கையில் ஒன்று மிஞ்சவும். இடத்தை மிச்சப்படுத்துவது ரிஜிஸ்டரின் ஐந்தாவது கட்டம்.

ஸ்கேனிங்கில் ஒரு தவறு எனக்கு இன்னும் உறுத்துகிறது. பல வருடம் முன்பு, நான் இருந்த ஓர் ஆபீஸில் வெளி ஆட்களை வைத்து மொத்தமாக ஸ்கேன் செய்தோம். முன்பக்கம் மட்டும். டெலிவரி சலானில், சரக்கைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் முத்திரையும் பின்பக்கத்தில் போடுவது எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரின் வழக்கம். அதை அந்தப் பையன்களுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. காகிதம் ரத்திக்குப் போனது. எட்டு மாதம் கழித்து ஒரு பார்ட்டி சரக்கே வரவில்லை என்றார். எங்களிடம் இருந்தது முன்பக்கம் மட்டும். பாதிப் பணத்துக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் ஸ்கேன் செய்யக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டையும் முதலில் நானே திருப்பிப் பார்க்கிறேன். ஸ்கேன் ஆன பிறகு தாள் எண்ணிக்கையும் பக்க எண்ணிக்கையும் சரிபார்க்கிறேன். ஸ்கேனரின் துல்லிய அளவு 300 டி.பி.ஐ. போதும். கறுப்பு வெள்ளையை விட கலரில் எடுங்கள், நீல முத்திரை தெளிவாக விழும். பி.டி.எஃப்.பில் நீண்ட காலம் வைப்பதற்கென்றே பி.டி.எஃப்./ஏ என்று ஒரு வகை இருக்கிறது, உங்கள் ஸ்கேனர் மென்பொருளில் அந்தத் தேர்வு இருந்தால் அதையே போடுங்கள். டோல், பெட்ரோல், கூரியர் ரசீதுகள் தெர்மல் காகிதத்தில் வருபவை, சூட்டில் மங்கி வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை அதோடு சேர்த்து வையுங்கள். அதை லாமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் முழுதும் கறுத்துவிடும்.

கம்ப்யூட்டரில் பெயர் வைப்பதற்கு ஒரே ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் தொடங்குங்கள்: 2024-07-15, அப்புறம் பார்ட்டி பெயர், அப்புறம் என்ன காகிதம், கடைசியில் அதன் எண். நாம் பேசும் வரிசையில் 15-07-2024 என்று தொடங்கினால் கம்ப்யூட்டர் எல்லா மாதத்தின் 15ஆம் தேதிகளையும் ஒன்றாகக் கூட்டிவைக்கும். ‘ஃபைனல்’, ‘புதுசு’, ‘லேட்டஸ்ட்’ என்ற சொற்கள் ஃபைல் பெயரில் வரவே கூடாது. திருத்தம் வந்தால் 01, 02 என்று போடுங்கள். ஃபோல்டர்கள் அலமாரியில் உள்ள ஃபைல்களின் அதே பெயரில், அதே வரிசை எண்ணில் இருக்கட்டும். ஒரே ரிஜிஸ்டர் இரண்டுக்கும் பயன்படும். வாட்ஸ்ஆப்பில் வரும் ஆர்டர்களையும் மறக்காதீர்கள். இப்போது பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது, சேட் போனை மாற்றினால் எல்லாம் போய்விடும். மாதம் ஒருமுறை முக்கியமான பார்ட்டிகளின் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து அந்தந்த ஃபோல்டரில் போடுங்கள்.

பேக்கப் பற்றிப் பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில். டிரைவில் சிங்க் ஆகிறதே, அதுவே பேக்கப் என்று நினைக்கிறார்கள். இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும், வைரஸ் இங்கே பூட்டினால் அங்கேயும் பூட்டிய ஃபைல்தான் போய்ச் சேரும். அதனால் மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். உங்களுக்கு: ஆபீஸ் கம்ப்யூட்டர், கிளவுட், அப்புறம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். அந்த டிஸ்க் வாரம் ஒருமுறை செருகி எடுத்ததும் சேட் வீட்டுக்குப் போய்விட வேண்டும், செருகியபடியே இருக்கக் கூடாது. கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைக்கும் கம்பெனிகள் தினசரி பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022லிருந்து விதி இருக்கிறது. 1 ஏப்ரல் 2023 முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடமும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உங்கள் டாலி எந்தப் பதிப்பு, எப்படி அமைத்திருக்கிறது என்று ஆடிட்டரைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள்.

மும்பையில் இருந்துகொண்டு மழையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 26 ஜூலை 2005 அன்று சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அப்போது நான் கலீனா ஆபீஸில், தரைத்தளம். மித்தி ஆறு பெருகி, மேஜை உயரத்துக்குத் தண்ணீர். மூன்றாம் நாள் உள்ளே போனோம். அடிக்கடி தேவைப்படுமே என்று நடப்பு ஆண்டு ஃபைல்களைக் கைக்கு எட்டும்படி கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். யாரும் தொடாத பழையவை மேலே பத்திரமாக இருந்தன. பால்பாயின்ட் பேனாவால் எழுதியது பெரும்பாலும் பிழைத்தது. மைப் பேனா கையெழுத்துகள் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. வழவழப்பான தாள்கள் ஒட்டிப் பலகையாகிவிட்டன. கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொரு தாளாக உலர்த்தினோம். ஆனால் நனைந்த காகிதத்தில் இரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், நாங்கள் வந்ததே மூன்றாம் நாள். எல்லாவற்றையும் விட வலித்தது, ரிஜிஸ்டர் கீழ் டிராயரில் இருந்தது. பிழைத்த ஃபைல்களில் எது எது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. 21 ஜூன் 2012ல் மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மந்திராலயாவில் தீப்பிடித்து எத்தனையோ அரசுக் கோப்புகள் எரிந்த செய்தியைப் படித்தபோது, அங்கே ரிஜிஸ்டர்கள் எங்கே இருந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ரிஜிஸ்டரின் ஒரு பிரதி ஆபீஸுக்கு வெளியே இருக்கட்டும்.

ஆகவே தரையிலிருந்து முதல் தட்டில் ஃபைல் வேண்டாம், காலி அட்டைப்பெட்டி, ஸ்டேஷனரி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். நீங்கள் சொன்ன லாஃப்ட் மேல்மாடிக் கூரைக்கு அடியில் இருந்தால் ஒழுகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டேப்ளர் பின் மும்பை ஈரத்தில் ஒரே மழையில் துருவேறித் தாளைத் தின்னும். ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் வைப்பதை டேக் கயிற்றில் கோத்து பாக்ஸ் ஃபைலில் போடுங்கள். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் மொத்தமாக வாங்கினால் மலிவு. ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டையை விட, மாதம் ஒருமுறை அலமாரியைத் திறந்து காற்றோட விட்டுத் தூசி தட்டுவது நல்ல பலன் தருகிறது.

மூட்டைகளுக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு மூட்டைக்கு மேல் பிரிக்காதீர்கள். பிரித்ததை நிதியாண்டு வாரியாக மட்டும் முதலில் குவியுங்கள், உள்ளே எட்டிப் பார்த்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு ஆண்டிலும் மேலே சொன்ன கோடு. அழிக்கலாம் என்று தோன்றுவதை ஒரு பட்டியலாக எழுதி, ஆடிட்டரும் சேட்டும் தேதியோடு கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே அனுப்புங்கள். அந்தப் பட்டியல் நிரந்தரக் கோப்பு. உங்கள் தலையில் விழுமா என்று கேட்டீர்களே, அந்தக் கையெழுத்து இருக்கும்வரை விழாது. ஆதார் ஜெராக்ஸ், பான், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எதுவும் முழுத்தாளாக ரத்திக்குப் போகக் கூடாது. தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே நான் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டு, பெயர், அக்கவுன்ட் எண் எல்லாம் அப்படியே. ஷ்ரெட்டர் இல்லாவிட்டால் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள்.

கடைசியாக கோர்ஸ். இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளும் எண்ணம் பிறந்தால், டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்கைவல் ஸ்டடீஸ் ஒரு வருட டிப்ளமோவும், ரெக்கார்டு மேனேஜ்மென்ட்டில் சில வாரச் சான்றிதழ் வகுப்புகளும் நடத்துகிறது. பெரும்பாலும் அரசு, நூலகம் சார்ந்தவர்கள் போகிறார்கள். உங்கள் இப்போதைய வேலைக்கு அது தேவையில்லை. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்கள் இலவசம், தமிழ்க் குரலிலும் உண்டு. பத்து பத்து நிமிடப் பாடங்கள், சாக்கிநாக்காவிலிருந்து மெட்ரோவில் வீடு போகும் வழியிலேயே பார்த்துவிடலாம். வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது இரண்டையும் முதலில் பாருங்கள், ரிஜிஸ்டரை அதில்தான் போடப் போகிறீர்கள். டாலி வகுப்பு மூன்று மாதம் கழித்துச் சேருங்கள், அதற்குள் வவுச்சர் என்றால் என்ன என்று உங்கள் கைக்கே தெரிந்திருக்கும். உங்கள் கம்பெனி சலுகை டியூட்டியில் இறக்குமதி செய்கிறதா, எந்த நாடு என்று கேட்டு எழுதினால், ஜாப் உறைக்குள் எந்தெந்தக் காகிதம் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று நான் வைத்திருக்கும் அட்டையை அப்படியே தட்டச்சு செய்து போடுகிறேன்.